பல்லில் பிடித்த மூச்சு

பிரான்சின் தென்பகுதியில் டெகாஸ்வில் என்றொரு நிலக்கரி ஊர். அங்கே சுரங்கப் பொறியாளராக இருந்த பெனுவா ரூக்கெரோல் 1860இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கத்தில் நச்சுவாயு சூழ்ந்துவிட்டால், உள்ளே அகப்பட்டவர்களை மீட்கப் போகிறவருக்கு நல்ல காற்று வேண்டும். அதற்காகச் செய்த கருவி அது. உள்ளிழுக்கும்போது மட்டும் திறந்து, வேண்டிய அளவுக்குக் காற்றை விட்டு, உடனே மூடிக்கொள்ளும் ஒரு வால்வுதான் அதன் உயிர்நாடி. சில ஆண்டுகளில் ஒகுஸ்த் டெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரி அதைக் கண்டார். புகைக்குள் வேலை செய்வது நீருக்குள்ளும் வேலை செய்யும் என்று அவருக்குத் தோன்றியது. இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1865 வாக்கில், முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்தபடி மனிதன் கடலடியில் நடக்கும் கருவி தயாராகிவிட்டது.

அந்தக் கருவியின் மிகச் சிறிய உறுப்பு வாயில் இருந்தது. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே செருகிக்கொள்ளும் ரப்பர் தகடு அது. அதைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். மூக்கை ஓர் இடுக்கி அடைத்துவிடும். பல் விட்டுவிட்டால் காற்று போய்விடும். இன்று அந்தமானிலோ மாலத்தீவிலோ சுற்றுலாப் பயணி ஒருவர் ஸ்கூபா கற்கும்போது வாயில் வைத்துக்கொள்ளும் மவுத்பீஸ், அடிப்படையில் அதேதான். சிலிண்டரும் வால்வும் அளவுமானியும் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டன. கவ்வும் முறை மாறவில்லை.

கடலடி வரலாற்றை எழுதியவர்கள் நுரையீரலைப் பற்றியும், இரத்தத்தில் குமிழிடும் நைட்ரஜனைப் பற்றியும், கிழியும் செவிப்பறையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் பல்லையும் தாடையையும் மருத்துவம் உட்கார்ந்து கவனித்தது ரூக்கெரோலுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்துத்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கான விடை கருவிகளின் வரலாற்றிலேயே கிடக்கிறது.

அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் கடலில் மூழ்கியவர்களின் வாய் எதையும் கவ்வியிருக்கவில்லை. ரோமானிய முக்குளிப்பவர்கள் வாயில் எண்ணெயை நிரப்பிக்கொண்டு மூழ்கி, அடியில் போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள், அதனால் நீர் அமைதியாகி வெளிச்சம் இறங்கும் என்று முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்தார். ஜப்பானில் அமா என்று அழைக்கப்படும் முக்குளிக்கும் பெண்கள் மேலே வந்ததும் உதட்டைக் குவித்து நீளமாக மூச்சு விடுவார்கள். சீழ்க்கைபோல் எழும் அந்த ஒலி அவர்கள் வேலை செய்யும் கடற்கரைகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்க இறங்கிய குளியாட்களும் அப்படித்தான். கல்லில் காலை வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு நிமிடம், சிலருக்கு அதற்குக் கொஞ்சம் மேல். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக் கூடையில் போட வேண்டும். அரேபியக் குளியாட்கள் கொம்பில் செய்த இடுக்கியால் மூக்கை அடைத்துக்கொள்ள, தமிழ்க் குளியாட்கள் விரலாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் முத்துக் குளிப்பைப் பார்த்தவர்கள் குறித்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பல்வலி வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. சொத்தைப் பல்லுக்குள் சிக்கிய காற்று, மூச்சடக்கி இறங்குபவரையும் நோகடிக்கும். ஆனால் தாடைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

பிறகு தலைக்கவச உடுப்பு வந்தது. இங்கிலாந்தில் அகஸ்டஸ் சீபே 1830களில் உருவாக்கிய மூடிய உடுப்பில் செம்புக் கவசத்தின் கனத்தை மார்புத் தகடும் தோளும் தாங்கின. மேலே படகில் இருந்தவர்கள் பம்பை இயக்க, காற்று கவசத்தை நிரப்பிக்கொண்டே இருந்தது. உள்ளே இருப்பவர் வீட்டில் மூச்சு விடுவதுபோல் மூச்சு விடலாம். பேசலாம், திட்டலாம், பாடலாம். ஸ்பிட்ஹெட் கடலில் மூழ்கிக் கிடந்த ராயல் ஜார்ஜ் போர்க்கப்பலின் சிதைவை 1839 முதல் சில ஆண்டுகள் அகற்றியவர்கள் இந்த உடுப்போடுதான் வேலை செய்தார்கள். கிரேக்கத் தீவான காலிம்னோஸின் கடற்பஞ்சு எடுப்பவர்களும், ஆஸ்திரேலியாவின் புரூமில் முத்துச்சிப்பி எடுத்தவர்களும் அதையே அணிந்தார்கள்.

இந்த உடுப்பு பல்லைக் காப்பாற்றியது. ஆனால் பலரின் காலையும் உயிரையும் வாங்கிக்கொண்டது. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலே வந்தவர்கள் மூட்டு வலியால் துடித்தார்கள், முடங்கினார்கள், செத்தார்கள். மருத்துவர்கள் முழுக் கவனத்தையும் அதன்மேல் வைத்ததில் வியப்பில்லை. பால் பேர் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1878இல் நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று நிறுவினார். 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்பதற்கு அட்டவணை தந்தார். உயிர் போகும் இடத்தில் பல்வலியைப் பற்றி யார் கேட்பார்கள்? தாமதத்துக்கு முதல் காரணம் இதுதான்.

ரூக்கெரோல்–டெனேரூஸ் கருவிகூட நெடுநாள் வாயில் நிற்கவில்லை. வெறும் முகத்தோடு குளிர்ந்த நீரில் ரப்பரைக் கவ்விக்கொண்டு வேலை செய்வது கடினமாக இருந்ததால் முகக் கவசமும் பிறகு தலைக்கவசமும் அதோடு சேர்ந்தன. ஜூல் வெர்ன் தன் கடலடி நாவலில் இந்தக் கருவியின் பெயரைச் சொல்லியே பேசுகிறார். ஆனால் அவருடைய கேப்டன் நெமோ குழாயை வாயில் வைப்பதில்லை. ஆழத்தின் அழுத்தத்துக்கு அது போதாது என்று சொல்லித் தலையைச் செம்புக் கோளத்துக்குள் வைத்துக்கொள்கிறார். கதையாசிரியருக்கே வாயின் பலவீனம் புரிந்திருக்கிறது.

வாய்க்குக் குழாய் திரும்பி வந்தது 20ஆம் நூற்றாண்டில். 1912இல் மோரீஸ் ஃபெர்னேஸ் என்ற பிரெஞ்சுக்காரர், மேலிருந்து பம்பில் வரும் காற்றை வாயால் இழுக்கும் எளிய கருவி ஒன்றைச் செய்தார்: கண்ணாடி, மூக்கிடுக்கி, வாயில் ரப்பர். 1920களின் நடுவில் கடற்படை அதிகாரி ஈவ் லெ ப்ரியூர் அதைப் பார்த்து, மேலே செல்லும் குழாயை நீக்கி, அழுத்திய காற்றுக் கலத்தை இணைத்தார். சில ஆண்டுகளில் அவரும் மவுத்பீஸைக் கைவிட்டு முகம் முழுவதையும் மூடும் கவசத்துக்கு மாறிவிட்டார். இது இரண்டாவது முறை. வாய் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் சரியான பாதையில்தான் இருந்தார்கள் என்று இப்போது திரும்பிப் பார்க்கும்போது தோன்றுகிறது.

போர் அந்தப் பாதையை மாற்றியது. நீர்மூழ்கிக் கப்பலில் சிக்கிய மாலுமிகள் தப்பி வருவதற்காக ராபர்ட் டேவிஸ் வடிவமைத்த ஆக்சிஜன் பையில் மவுத்பீஸும் மூக்கிடுக்கியும் இருந்தன. 1931 ஜூனில் சீனாவின் வெய்ஹாய்வெய் அருகே பிரிட்டிஷ் நீர்மூழ்கி பொசைடன் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி மூழ்கியபோது, உள்ளே அகப்பட்டவர்களில் சிலர் அதைக் கவ்விக்கொண்டுதான் மேலே வந்தார்கள். கவ்வியிருக்க வேண்டியது சில நிமிடங்கள்தான், தாடை தாங்கும். அதே வகைக் கருவியைத் தாக்குதலுக்குத் தகவமைத்த இத்தாலியத் தவளை வீரர்களுக்கு அது மணிக்கணக்காக நீண்டது. 1941 டிசம்பர் 18 இரவு அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்குள் நுழைந்து குயின் எலிசபெத், வேலியன்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கிய ஆறு பேரும் டிசம்பர் மாதத்து நீரில், இருட்டில், ரப்பரைக் கவ்வியபடி வேலை செய்தவர்கள். அவர்கள் தாடை என்ன பாடு பட்டிருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பொறுக்கி எடுத்த இளைஞர்கள், கட்டளைக்குப் பணிந்தவர்கள், தாடை வலிக்கிறது என்று மருத்துவரிடம் போகாதவர்கள். தாமதத்துக்கு இரண்டாவது காரணம் அவர்களுடைய பொறுமை.

1943 ஜனவரியில் ழாக் கூஸ்தோ பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் ஒரு புதிய கருவியோடு இறங்கினார். ஏர் லிக்கிட் நிறுவனத்தின் பொறியாளர் எமீல் கான்யான் செய்து தந்த ரெகுலேட்டர் அது. கிடைநிலையில் நீந்தும்போது நன்றாக வேலை செய்த கருவி, நிமிர்ந்தால் காற்றை வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சு இழுக்கவே முடியவில்லை. காற்று வரும் இடமும் வெளிவிடும் மூச்சு போகும் இடமும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் வந்த வினை. வெளிவிடும் குழாயையும் முதுகிலிருக்கும் ரெகுலேட்டருக்கே கொண்டுபோய் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. அன்று முதல் வாயின் இடப்பக்கம் ஒரு குழாய், வலப்பக்கம் ஒரு குழாய். நடுவில் இலேசான ரப்பர் மவுத்பீஸ். ரெகுலேட்டரின் கனம் முழுக்க முதுகில். குழாய்கள் நிரம்பக் காற்று இருந்ததால் அவை மேல்நோக்கி இழுத்தாலும், இழுப்பு இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

அடுத்த மாற்றம் மெல்போர்னில் நடந்தது. டெட் எல்ட்ரெட் என்ற ஆஸ்திரேலியர் 1950களின் தொடக்கத்தில் ‘போர்பாய்ஸ்’ என்ற பெயரில் ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சிலிண்டரின் தலையில் ஒரு வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். மெல்லிய ஒற்றைக் குழாய் வழியாக வரும் காற்றை, வாய்க்கு நேர் முன்னால் இருக்கும் இரண்டாவது வால்வு மூச்சுக்கு ஏற்பத் தரும். வால்வு நுரையீரலுக்கு அருகில் வந்துவிட்டதால் எந்த நிலையில் நீந்தினாலும் மூச்சிழுப்பது எளிது. மலிவு, பராமரிக்கச் சுலபம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகம் முழுவதும் இந்த அமைப்புக்கே மாறத் தொடங்கிவிட்டது.

மூச்சுக்கு நல்லதாக இருந்த அதுவே தாடைக்குப் புதிய பாரமாகிவிட்டது. முதுகில் இருந்த வால்வு உலோகக் கூட்டோடு உதட்டுக்கு முன்னால் வந்து தொங்கியது. குழாய் வலப்பக்கத்திலிருந்து மட்டும் வந்ததால், தலையை இடப்பக்கம் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது மவுத்பீஸை ஒருபுறமாக இழுத்தது. இதே ஆண்டுகளில்தான் ஸ்கூபா படைவீரர்களின் கையிலிருந்து பொதுமக்களின் கைக்கு வந்தது. 1953இல் பிரிட்டனின் முக்குளிப்பு மன்றம் தொடங்கியது. கூஸ்தோவின் ‘மௌன உலகம்’ படம் 1956இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. 1958இலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘சீ ஹன்ட்’ தொடர் வாராவாரம் வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்தது. முப்பது, நாற்பது வயதுக்காரர்கள், பல் அடைத்தவர்கள், கட்டுப்பல் வைத்தவர்கள், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் எல்லோரும் கடலில் இறங்கினார்கள். இவர்களிடம் படைவீரனின் மௌனம் இல்லை. வலித்தால் பல் மருத்துவரிடம் போனார்கள்.

தாடைக்கு அங்கே என்ன நேர்கிறது? காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் எலும்பு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. எலும்புக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. மவுத்பீஸின் கடிமுண்டுகள் சிறியவை. கோரைப்பல்லுக்கும் அதற்கு அடுத்த முன்கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில்தான் அவை நிற்கும். கனத்தைத் தாங்கவேண்டிய கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ரப்பர் நழுவாமல் இருக்கக் கீழ்த்தாடையைச் சற்று முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூட்டு தன் இயல்பான இடத்தில் இல்லை. மெல்லும் தசைகளுக்கு ஓய்வில்லை. ஒரு பேனாவை முன்வரிசைப் பற்களால் கவ்விக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியைக் குளிரும் பயமும் தருகின்றன. குளிர்ந்த நீரில் உதடு மரத்துப்போய் ரப்பரைச் சுற்றி இறுக மூட முடியாதபோது, அந்த வேலையையும் பல்லே செய்கிறது. புதிதாகக் கற்பவர்கள் குழாய் வாயிலிருந்து போய்விடுமோ என்ற அச்சத்தில் தேவைக்குப் பல மடங்கு அழுத்திக் கடிக்கிறார்கள். மேலே வந்ததும் தலைவலி, கன்னத்தில் இறுக்கம், வாயைத் திறந்தால் காதருகே ‘டக்’ என்று ஓர் ஒலி.

காதருகே என்பதுதான் இதில் ஏமாற்றும் இடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது அடைப்பு, இரைச்சல், தலைவலி என்று தம்மிடம் வந்த பலருக்குக் கோளாறு தாடை மூட்டில் இருப்பதாக 1934இல் எழுதினார். அவர் தந்த உடற்கூற்று விளக்கத்தில் பல பகுதிகளைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் காதுவலி என்று வருபவரின் தாடையையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவரால் வந்தது. முக்குளிப்பவர் காது வலிக்கிறது என்றால், இறங்கும்போது அழுத்தத்தைச் சமன்செய்யவில்லை என்றே எல்லோரும் முடிவுகட்டுவார்கள். மூட்டு அந்தப் பழியின் பின்னால் ஒளிந்துகொண்டது. இது மூன்றாவது காரணம். 1966இல் பின்டோ என்பவர் பல் புனரமைப்புத் துறையின் அமெரிக்க இதழ் ஒன்றில் கடலடி வேலைகளோடு தொடர்புடைய தாடை மூட்டுச் சிக்கலைத் தனிக் கட்டுரையாக எழுதினார். 1970களில் நியூசிலாந்தின் காது மூக்கு தொண்டை மருத்துவர் நோயல் ராய்ட்ஹவுஸ், முக்குளிப்பவர்களின் காதை ஆராய்ந்துகொண்டே தாடைக்கும் வந்து சேர்ந்தார். 1991இல் இங்கிலாந்தின் நியூகாசலைச் சேர்ந்த பல் மருத்துவர் ஹாப்சன், தாடை மூட்டுக் கோளாறை மவுத்பீஸோடு நேரடியாக இணைத்து விளையாட்டு மருத்துவ இதழில் எழுதினார்.

பல்லின் கதை வேறு வழியாக, வானத்திலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போரில் அழுத்தம் காக்கப்படாத விமானங்களில் மிக உயரப் பறந்தவர்கள் திடீர்ப் பல்வலியால் தவித்தார்கள். தரைக்கு வந்ததும் வலி போய்விடும்; மருத்துவர் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வானூர்தி மருத்துவர்கள் அதற்கு ஏரோடான்டால்ஜியா என்று பெயர் வைத்து, அழுத்த அறையில் ஆட்களை உட்காரவைத்து ஆராய்ந்தார்கள். வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் குறையக் குறையக் காற்றின் பருமன் கூடும் என்று ராபர்ட் பாயில் 1662இலேயே சொல்லிவிட்டார். உடம்பின் பெரும்பகுதி மென்மையானது, விரிந்து கொடுக்கும். பல் கொடுக்காது. அதன் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட கூழ், நான்கு பக்கமும் கல்போன்ற சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. அடைப்புக்குக் கீழே ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும், வீங்கிய கூழாக இருந்தாலும், அது விரிய இடமில்லை.

விமானியைவிட முக்குளிப்பவருக்கு இது கடுமை. தரையிலிருந்து ஏறும் விமானிக்கு அழுத்தம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5,500 மீட்டர் உயரம் போக வேண்டும். கடலில் வெறும் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. திரும்பி வரும்போது அதே மாற்றம் தலைகீழாக, சில நிமிடங்களில். அதனால் வானத்தில் பிறந்த பெயர் பின்னால் பாரோடான்டால்ஜியா என்று விரிந்து கடலையும் சேர்த்துக்கொண்டது.

1982இல் ஃபெர்யென்ட்சிக், ஏக்கர் என்ற இருவர் இந்த வலியை அது எப்போது வருகிறது என்பதை வைத்தே வகைப்படுத்தினார்கள். மேலே வரும்போது சுருக்கென்று குத்தினால் கூழ் அண்மையில் வீங்கியிருக்கிறது. மேலே வரும்போது மந்தமாக வலித்தால் அழற்சி பழையது. இறங்கும்போது வலித்தால் கூழ் செத்துப்போயிருக்கிறது. இரண்டு நேரமும் கடுமையாக வலித்தால் வேர்நுனியில் சீழ்க்கட்டியோ நீர்க்கட்டியோ இருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே, நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டுக் கிடைக்கும் அறிவு இது. இந்த வரலாறு முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள ஒரு பக்கம் எழுதப்படவில்லை என்றே சொல்லலாம். பல் நலமாக இருந்தும் வலிப்பவர்கள் உண்டு. மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் தரையை ஒட்டி நிற்கின்றன. சளி அடைத்திருக்கும்போது இறங்கினால் சைனஸ் வலி பல்வலி வேடம் போட்டு வரும். கீழ்ப்பல் வலித்தால் அந்தச் சந்தேகம் இல்லை.

அடுத்த ஆண்டே, 1983இல், கால்டரும் ராம்சியும் பிடுங்கிய 86 பற்களை அழுத்த அறையில் வைத்து, அழுத்தத்தை மிக விரைவாகக் குறைத்துப் பார்த்தார்கள். ஐந்து பற்கள் சேதமடைந்தன. ஐந்துமே தரமில்லாமல் அடைக்கப்பட்டவை. கடலடியில் பல் வெடிக்கும் என்ற பேச்சு அதுவரை மிகைப்படுத்தப்பட்ட கதைபோல் இருந்தது. பழுது பல்லில் இல்லை, அதை அடைத்த கையில் இருக்கிறது என்று அந்தச் சோதனை காட்டியது. 1999இல் நியூசிலாந்தின் கார்ல் லயன்ஸ் குழு இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டது: பல்லுக்கு மேல் போடும் கிரவுன் அழுத்த மாற்றத்தைத் தாங்குமா? மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கியபோது, நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் துத்தநாக பாஸ்பேட் சிமென்டால் ஒட்டியவற்றின் பிடி பெரிதும் தளர்ந்துவிட்டது. கிளாஸ் அயனோமரின் பிடியும் குறைந்தது. ரெசின் சிமென்டால் ஒட்டியவை மட்டும் அசையவில்லை. 20 மீட்டர் ஆழத்தில் கழன்ற கிரவுன் வெறும் செலவுக் கணக்கு இல்லை. அது தொண்டைக்குள் போனால் ஆபத்து.

இப்படி ஆய்வகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவற்றைப் பற்றி மக்களிடமே கேட்டது 2016இல் வெளிவந்த ஆய்வு. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் வினிஷா ரன்னாவின் குழு, பொழுதுபோக்குக்காக முக்குளிக்கும் 100 பேரிடம் கேள்விகள் கேட்டது. 41 பேர் ஏதோ ஒரு பல் தொல்லையைச் சொன்னார்கள். அவர்களில் 42 சதவீதத்தினருக்கு அழுத்தத்தால் வரும் பல்வலி, 24 சதவீதத்தினருக்கு மவுத்பீஸை இறுகக் கடித்ததால் வந்த வலி, 22 சதவீதத்தினருக்குத் தாடை வலி. நூறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஆய்வாளர்களே அதை முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள். ஆனாலும் ஐந்தில் இருவர் என்பது ஒதுக்கித் தள்ளக்கூடியது இல்லை. படைகளும் எண்ணெய்க் கிணற்று நிறுவனங்களும் தங்கள் முக்குளிப்பவர்களின் பல்லைச் சோதித்த பிறகே நீரில் இறக்குகின்றன. சுற்றுலாவில் அந்தக் கட்டாயம் இல்லை.

மவுத்பீஸும் மெல்ல மாறிவருகிறது. வெந்நீரில் போட்டு இளக்கி, அவரவர் கடிக்கு ஏற்பப் பதித்துக்கொள்ளும் வகை கடைகளில் கிடைக்கிறது. கடிமுண்டுகள் நீண்டு கடைவாய்ப் பற்கள்வரை போவதால் பாரம் பரவுகிறது. மேலண்ணத்தின் குறுக்கே ஒரு பாலம் வைத்து, கடிக்காமலேயே வாயில் நிற்கும்படி செய்தவையும் உண்டு. ஆழ்கடலில் தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் முழுமுகக் கவசத்துக்கும் தலைக்கவசத்துக்கும் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தாடை மறுபடி சொந்தமாகிவிட்டது.

மன்னார் வளைகுடாவுக்கு ஸ்கூபா வந்தது, அங்கே முத்துக்குளிப்பின் கடைசி அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தபோது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த குளிப்புகளுக்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றுபோனது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அனுப்பிய பாஸ்கியேரி சால்வடோரி, வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகளைப் பற்றி 1960இல் இந்திய அரசுக்கு அறிக்கை தந்தார். 1960களில் மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையத்தின் மகாதேவனும் நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக் கடலடியை நேரில் பார்த்து எழுதிய ஆய்வுகள், மேலிருந்து கணித்துக்கொண்டிருந்த படுகைகளைக் கண்ணால் கண்டு பதிவுசெய்தவை.

சங்குகுளி மட்டும் நிற்கவில்லை. மூச்சடக்கி இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் படகில் கம்ப்ரசரை வைத்து, அதிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடலட்டைக்காக சிலிண்டரோடு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். குழாய் முறையில் அளவாகக் காற்றுத் தரும் வால்வு கிடையாது, வாய்க்கேற்ற ரப்பரும் கிடையாது. வெறும் குழாயைப் பல்தான் பிடிக்கிறது. பொழுதுபோக்குக்காக ஆண்டுக்குப் பத்து முறை இறங்குபவருக்கு இளக்கிப் பதிக்கும் மவுத்பீஸ் இருக்கிறது. பிழைப்புக்காக நாள்தோறும் இறங்குபவருக்கு அது போய்ச் சேரவில்லை. கடலடி மருத்துவம் முதலில் போக வேண்டிய இடம் இவர்களுடைய கரைதான்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தூத்துக்குடியிலோ இராமநாதபுரத்திலோ மன்னாரிலோ ஒருவர் பல்வலி என்றோ காதுவலி என்றோ வந்து உட்காரும்போது, என்ன தொழில் செய்கிறார் என்று மருத்துவர் முதலில் கேட்கலாம். சங்கு என்றோ அட்டை என்றோ பதில் வந்தால் அடுத்த கேள்வி: வலி இறங்கும்போதா, ஏறும்போதா? பிறகு காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம். பாதியில் திறந்து கிடக்கும் ரூட் கெனாலோடும், பல் பிடுங்கிய குழி ஆறுவதற்கு முன்பும் கடலில் இறங்கக் கூடாது, கழற்றி மாட்டும் பல்செட்டைக் கரையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம். கிரவுன் ஒட்டுவதானால் ரெசின் சிமென்டைத் தேர்ந்தெடுக்கலாம். 1999 முதல் அதற்கான காரணம் அச்சிலேயே இருக்கிறது.